பெயின்டுக்கு முன்: பிளாஸ்டிக் மாடல் காரின் பாடியைத் தயார் செய்தல்

மாடல் காரில் பெயின்ட் சரியாக வராதபோது பெயின்டையும் ஸ்பிரேயையும்தான் முதலில் சந்தேகிக்கிறோம். நிறம் சிறு சிறு வட்டங்களாக விலகி மீன்கண் போல் நிற்கிறது. பெயின்ட் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரித்தால் பெயின்டும் சேர்ந்து வருகிறது. எல்லாம் முடிந்து அலமாரியில் வைத்த பிறகு மட்கார்டின் மேல் எங்கிருந்தோ ஒரு கோடு எழும்புகிறது. இவற்றில் பெரும்பாலானவை, பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பாடியில் இருந்த குறைகள். ராணுவ வண்டி மாடலில் மங்கலான நிறமும் அதன் மேல் பூசும் சேறும் தூசியும் சிறு பிழைகளை விழுங்கிவிடும். காருக்கு அந்தச் சலுகை கிடையாது. பளபளக்கும் பரப்பு ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புவதால், கைக்குத் தட்டுப்படாத பள்ளத்தின் மேல்கூட விளக்கின் பிம்பம் நெளிந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால், கார் மாடலுக்குச் செலவிடும் நேரத்தில் பெரும்பங்கு பிளாஸ்டிக்கிற்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் கழுவல்

பாடியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதைக் கழுவுவது. கடைசியில் எப்படியும் கழுவத்தானே போகிறோம் என்று பலர் இதைத் தள்ளிவிட்டு நேராக உப்புத்தாளை எடுக்கிறார்கள், அது தவறு. அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பயன்படுத்தும் எண்ணெய்ப் பசையோ சிலிக்கோனோ பாடியின் மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கக்கூடும். பெட்டியைத் திறந்து ஆசையாகத் தடவிப் பார்த்ததில் நம் விரலின் எண்ணெயும் அதனுடன் சேர்ந்திருக்கும். கழுவாமல் தேய்த்தால் அந்த எண்ணெயை உப்புத்தாள் தன்னோடு இழுத்துச் சென்று, தான் போடும் நுண்ணிய கீறல்களுக்குள்ளேயே திணித்துவிடுகிறது. அங்கே போய் ஒளிந்துகொண்ட எண்ணெயைப் பிறகு வெளியேற்றுவது கடினம்.

ஓர் அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பில் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். கைகளை மென்மையாக்கும் பொருட்கள் சேர்த்த சோப்பு வேண்டாம். அந்தப் பொருட்களே பாடியின் மேல் படலமாகத் தங்கிவிடும். நீர் கையில் ஊற்றினால் இதமாக இருக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. மாடல் கார்களில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்தப் பிளாஸ்டிக் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே முன்கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்கள் வளையத் தொடங்கிவிடும்.

மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், கதவுக் கோடுகளின் நீள வாக்கிலும் குறுக்கு வாக்கிலும், கிரில்லின் மூலைகளிலும், சக்கர வளைவுகளின் உட்புறத்திலும், பாடியின் உள்பக்கம் முழுவதிலும் தேயுங்கள். உள்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போவதில்லையே என்று விடக் கூடாது. அங்கே இருக்கும் எண்ணெய் நம் விரல் வழியாக வெளிப்பக்கத்துக்கு வந்து சேரும். தேய்க்கும்போது தூண்களைப் பிடிக்காமல், கூரையின் அடியில் விரல்களைக் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பது பாதுகாப்பானது. பானட், கண்ணாடிக் கூடுகள் போன்ற தனி உதிரிகளை ஒரு வடிகட்டிக்குள் போட்டுக் கழுவினால் தண்ணீரோடு அவை போய்விடும் என்ற கவலை இல்லை.

நன்றாக அலசிய பிறகு பாடியைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் அதன் மேல் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் பரப்பு சுத்தமாகிவிட்டது. தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாகத் திரண்டு உருண்டால், அந்த இடத்தில் இன்னும் எண்ணெய் இருக்கிறது. மறுபடி தேய்க்க வேண்டும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. பிறகு நீரை உதறிவிட்டு, நூல் உதிராத துணியின் மேல் வைத்துக் காற்றில் உலர விடுங்கள். ஹேர் டிரையரின் சூடான காற்றைக் காட்டுவது கொதிநீரில் போடுவதற்குச் சமம்.

ரெசினில் வார்த்த பாடியாக இருந்தால் ஒருமுறை கழுவினால் போதாது. ரெசின் வார்ப்பில் அச்சிலிருந்து விடுவிக்கும் பசை தாராளமாகவே ஒட்டியிருக்கும். சோப்பு நீரில் இரண்டு மூன்று முறை தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதை எப்போதும் நீரில் நனைத்தே தேய்ப்பதும், முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

குறைகளைத் தேடுதல்

உலர்ந்த பாடியைத் தலைக்கு மேல் எரியும் விளக்கில் பார்த்துப் பயனில்லை. மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டிலிருந்து பரப்பை உரசிக்கொண்டு போகும்படி வைத்து, பாடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். மேடுகளுக்கு ஒரு பக்கம் நிழல் விழும். பள்ளங்கள் தம் விளிம்பைக் காட்டும்.

முதலில் தென்படுபவை அச்சுக்கோடுகள். காரின் பாடியில் கூரை, இரு பக்கங்கள், முன், பின் என்று எல்லாத் திசையிலும் வடிவங்கள் இருப்பதால் அதை இரண்டு பாதி அச்சில் வார்க்க முடியாது. பக்கவாட்டில் நகரும் பல துண்டுகள் சேர்ந்த அச்சில்தான் வார்க்கிறார்கள். அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களில் மயிரிழை போன்ற மேடு விழுகிறது. பெரும்பாலும் முன் மட்கார்டின் மேல்விளிம்பு, கூரைத் தூண்கள், பின் மட்கார்டிலிருந்து கூரைக்கு ஏறும் வளைவு, பம்பரின் மூலைகள் ஆகிய இடங்களில் இவை ஓடும். உண்மையான காரில் இப்படி ஒரு கோடு கிடையாது. அதே சமயம், உண்மையான காரின் வடிவமைப்பிலேயே உள்ள மடிப்பு வரிகளும் இதே இடங்களுக்கு அருகில்தான் இருக்கும். எது அச்சின் பிழை, எது வடிவமைப்பாளர் போட்ட வரி என்று தெரியாமல் தேய்த்துவிட்டால் காரின் முகமே மாறிவிடும். உண்மையான காரின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, குழிவுகள். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். உட்புறத்தில் ஆணி போன்ற முட்டோ தடிப்பான பகுதியோ இருக்கும் இடத்தில் அது மெதுவாக ஆறி, வெளிப்பரப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். பாடியைத் திருப்பி, உள்ளே எங்கெல்லாம் தடிப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கு நேர் மேலே தேடினால் குழிவு அகப்படும்.

கண்டுபிடித்த இடங்களைக் குறிக்க மார்க்கர் பேனாவை எடுக்காதீர்கள். அதன் மை பெயின்டைத் துளைத்துக்கொண்டு மேலே கசியும். மென்மையான பென்சிலே போதும். அதையும் பின்னால் கழுவி நீக்கிவிட வேண்டும்.

அச்சுக்கோடுகளை நீக்குதல்

கூரான கைவினைக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் எண் பிளேடு இதற்குப் பொருத்தம். பிளேடைப் பரப்புக்கு ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்து, வெட்டாமல், கோட்டின் மேல் நம் பக்கமாக இழுத்துச் சுரண்ட வேண்டும். சரியாகச் சுரண்டினால் மாவு போன்ற மெல்லிய துருவல் வரும். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் கத்தி ஆழமாகப் போகிறது என்று பொருள். மேடு பரப்போடு சமமாகும் தறுவாயில் கத்தியை வைத்துவிட்டு, 600ஆம் எண் வாட்டர் பேப்பரை (நீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாள்; எண் கூடக்கூட அது நுண்ணியது) நனைத்துத் தேயுங்கள். நனைத்துத் தேய்ப்பதால் தூள் பறப்பதில்லை, காகிதம் அடைத்துக்கொள்வதுமில்லை, உரசும் சூட்டில் பிளாஸ்டிக் இளகுவதுமில்லை.

தூண்களில் ஒரு சங்கடம் உண்டு. அவை உருண்டையானவை, தட்டையான கட்டையால் தேய்த்தால் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். காகிதத்தை மெல்லிய கீற்றாக வெட்டி, ஷூவுக்கு மெருகேற்றும் துணியைப் போலத் தூணைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் வளைவு கெடாது. மடிப்பு வரிக்கு அருகில் வேலை செய்யும்போது வரியின் மேல் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் காப்பாற்றுங்கள். அச்சின் இடுக்கில் பிதுங்கி ஜன்னல் விளிம்புகளில் நிற்கும் பிசிறுகளைக் கத்தியால் சீவினாலே போய்விடும்.

பட்டி பார்த்தல்

உண்மையான கார்களுக்குப் பட்டறையில் பட்டி பார்ப்பதைப் போலத்தான் இதுவும். ஆனால் அளவு மிகச் சிறியது. ஆழமில்லாத குழிவுக்கும் கீறலுக்கும் டியூபில் வரும் மாடல் பட்டி போதும். அது தன்னுள் இருக்கும் தின்னர் ஆவியாகித்தான் இறுகுகிறது; ஆவியாகும் அளவுக்குச் சுருங்கவும் செய்கிறது. ஒரேயடியாக அப்பாமல், மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். ஆழமான பள்ளத்துக்கு இரண்டு பொருட்களைக் கலந்து பயன்படுத்தும் பாலியெஸ்டர் பட்டி நல்லது. அது வேதிமாற்றத்தால் இறுகுவதால் சுருக்கம் மிகக் குறைவு. சூப்பர் க்ளூவாலும் குழிவை நிரப்பலாம், ஆனால் அதைக் கெட்டியான சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட அது கடினமாகிவிடும். பிறகு தேய்த்தால் பிளாஸ்டிக் தேய்ந்து, பசை மட்டும் திட்டாக நிற்கும்.

பட்டி சமமாகிவிட்டதா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். தேய்த்து மங்கலாக்கிய இடத்தின் மேல் பென்சிலை லேசாகச் சாய்த்து முழுவதும் கரிய நிறம் ஏற்றுங்கள். பிறகு வாட்டர் பேப்பரைக் கடினமான சிறு கட்டையில் சுற்றி, நான்கைந்து முறை மட்டும் தேயுங்கள். மேடுகளில் கருமை உடனே போய்விடும். பள்ளத்தில் மட்டும் தீவு போலத் தங்கி நிற்கும். அந்தத் தீவு இருக்கும்வரை அங்கே இன்னும் ஒரு பூச்சு பட்டி தேவை. விரலால் காகிதத்தை அழுத்தித் தேய்த்தால் இந்தச் சோதனை பலிக்காது, ஏனென்றால் மென்மையான விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது என்பதை நான் ஒரு கருநீலக் காரில் கற்றுக்கொண்டேன். அதன் பின்பக்கக் கீழ்த்தகடு தனி உதிரியாக வந்திருந்தது. அதைப் பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டி, இணைப்பில் பட்டி பூசி, இரண்டாம் நாளே தேய்த்து, நிறத்துக்கு அடியில் அடிக்கும் பிரைமரும், நிறமும், அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டும் அடித்து மெருகேற்றினேன். அன்று இணைப்பு இருந்த இடமே தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, அந்த இணைப்பின் நீளத்துக்கு மெல்லிய பள்ளக் கோடு ஒன்று தெளிவாக ஓடியது. சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. கரைந்து உப்பிய பிளாஸ்டிக் தன்னுள் இருக்கும் தின்னரைப் பல நாட்களாக மெல்ல வெளியேற்றி, அடங்கிச் சுருங்குகிறது. உப்பிய நிலையில் தேய்த்துச் சமமாக்கினால், அது அடங்கிய பிறகு பள்ளம்தான் மிஞ்சும். அந்தப் பாடியை முழுவதும் உரித்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. இப்போது ஒட்டிய இணைப்பைக் குறைந்தது ஒரு வாரம் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

கதவுக் கோடுகளும் சின்னங்களும்

1:24 அளவு மாடலில் எல்லாம் 24 மடங்கு சிறியது. உண்மையான காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே 4.8 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மாடலில் அது 0.2 மில்லிமீட்டர். பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொண்டாலும், அது உண்மையான காரின் மேல் 2.4 மில்லிமீட்டர் தடிப்புக்குப் பெயின்டை அப்பியதற்குச் சமம். கதவுக் கோடு தூர்ந்துபோவது இதனால்தான். ஆகவே பெயின்டுக்கு முன்பே கோடுகளை ஆழப்படுத்த வேண்டும். பிளேடின் முதுகுமுனையையோ கோடு கீறுவதற்கென்று வரும் கருவியையோ கோட்டுக்குள் வைத்து, எடையே கொடுக்காமல் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். இரண்டே இழுப்பில் ஆழமாக்க முயன்றால் முனை வழுக்கிக் கதவின் குறுக்கே ஓடிவிடும். அகலமாக்க வேண்டாம், ஆழம் மட்டுமே வேண்டும்.

பின்பக்கத்தில் துருத்தி நிற்கும் எழுத்துகளும் சின்னங்களும் மிக மெல்லியவை. உப்புத்தாள் இரண்டு முறை பட்டால் போதும், மறைந்துவிடும். டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள். நுண்ணிய எழுத்தைப் பளிச்சென்று காட்ட விரும்புபவர்களுக்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. மாடல்களுக்கென்று விற்கும், பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாளை நிறம் அடிப்பதற்கு முன்பே சின்னத்தின் மேல் ஒட்டி அழுத்திவிட வேண்டும். நிறம் காய்ந்த பிறகு எழுத்தின் உச்சியை மட்டும் தின்னர் தொட்ட துணியாலோ மிக நுண்ணிய காகிதத்தாலோ வருடினால், மேலே உள்ள பெயின்ட் போய் அடியிலுள்ள வெள்ளி தெரியும். கையால் வெள்ளி நிறம் தீட்டி இந்தக் கூர்மையைக் கொண்டுவருவது அரிது.

பொருத்திப் பார்த்தல்

இதை விட்டுவிடுபவர்கள் பெயின்ட் முடிந்த பிறகு வருந்துகிறார்கள். இருக்கைகள் உள்ள உட்புறத் தொட்டி, அடிச்சட்டம், பம்பர், கண்ணாடிகள், பானட் ஆகிய அனைத்தையும் பசையில்லாமல் டேப்பால் ஒட்டி ஒருமுறை முழுக் காராக நிறுத்திப் பாருங்கள். அடிச்சட்டத்தை ஏற்றப் பாடியின் பக்கங்களை விரித்துப் பிடிக்க வேண்டியிருந்தால், இப்போதே இடிக்கும் இடத்தைச் சீவிவிடுங்கள். பெயின்ட் ஏறிய பாடியை விரித்தால் பெயின்ட் வெடிக்கும். பானட் இறுக்கமாக உட்கார்ந்தால் அதன் விளிம்பைச் சற்றே தேய்த்துவிடுங்கள், ஏனென்றால் பெயின்டும் இடம் கேட்கும். பாடியின் நிறத்திலேயே வரும் ஸ்பாய்லர், கீழ்த்தகடு போன்றவற்றை இந்தக் கட்டத்திலேயே ஒட்டி முடிப்பது நல்லது.

கடைசித் தேய்ப்பும் இரண்டாவது கழுவலும்

பட்டிக்கு 400ஆம் எண்ணில் தொடங்கினாலும், 600, 800 என்று ஏறி வந்து பாடி முழுவதையும் 1000ஆம் எண் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து முடியுங்கள். எண்ணைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 400 போட்ட கீறலை 1000ஆல் எடுக்க முடியாது. மெட்டாலிக் நிறம் அடிக்கப் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும், ஏனெனில் அந்தக் கீறல்களின் வழியே உலோகத் துகள்கள் வரிசை கட்டி நின்று கோடாகத் தெரியும். தேய்த்து முடித்த பரப்பு எங்கும் ஒரே சீராக மங்கலாக இருக்க வேண்டும். பளபளப்பு எஞ்சிய இடம், காகிதம் படாத இடம். பிரைமர் அங்கே பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. வரிகளின் உச்சியையும் ஓரங்களையும் மட்டும் அழுத்தாமல் தடவினால் போதும்.

பிறகு முதல் முறை போலவே சோப்பு நீரில் கழுவுங்கள். இந்தமுறை கதவுக் கோடுகளுக்குள் அடைத்திருக்கும் வெள்ளைத் தூளை எடுப்பதே முக்கியம். பல்குச்சியின் முனையால் கோட்டைக் கிளறிக்கொண்டே பிரஷ்ஷால் தேயுங்கள். அந்தத் தூள் உள்ளே இருந்தால் முதல் பூச்சிலேயே பசையாகி, நாம் கீறிய ஆழத்தை நிரப்பிவிடும். இந்தக் கழுவலுக்குப் பிறகு வெறுங்கையால் பாடியைத் தொடவே கூடாது. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையை அணிந்து, பாடியை உள்ளிருந்து தாங்கும்படி வளைத்த கம்பியின் மேலோ, வாய்ப்பகுதியில் டேப் சுற்றிய பாட்டிலின் மேலோ நிறுத்திவிட்டால், பெயின்ட் முடியும்வரை அந்தப் பிடியிலேயே திருப்பிக்கொள்ளலாம்.

உலர்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் தொட்டு ஒருமுறை துடையுங்கள். ஜன்னல் கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் உதிரிகளின் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம். அவற்றில் நுண்ணிய வெடிப்பு விழக்கூடும். அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, லாக்கர் தின்னர் ஆகியவை துடைப்பதற்கு உரியவை அல்ல, பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும். உலர்ந்த துணியால் ஓங்கித் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி அறையின் தூசியையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். ஆல்கஹால் ஈரத்தோடு மெல்ல ஒற்றுவது அதைத் தணிக்கும். பெயின்ட் அடிக்கும் அறையில் சிலிக்கோன் கலந்த மெருகு ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். காற்றில் மிதந்து வரும் அதன் துளிகளே மீன்கண்களுக்குப் போதும்.

பிரைமரிடம் காட்டுதல்

பிளாஸ்டிக்கின் நிறத்தையும் ஒருமுறை கவனித்துவிடுங்கள். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளையோ மஞ்சளோ அடித்தால், அதன் சாயம் மேலேறி அந்த நிறத்தில் சிவப்பு கலந்துவிடக்கூடும். முதலில் வெள்ளி நிறத்தில் ஒரு தடுப்புப் பூச்சு அடித்து, அதன் மேல் பிரைமருக்குப் போவது பாதுகாப்பு. பிரைமர் அந்தப் பிளாஸ்டிக்கை அரிக்கிறதா என்று பாடியின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். உண்மையான கார்களுக்கென்று விற்கும் சில பிரைமர்களின் தின்னர் மாடல் பிளாஸ்டிக்குக்கு மிகக் கடுமையானது.

முதல் பூச்சு பனி படிந்தது போல, அடியிலுள்ள பிளாஸ்டிக் தெரியும் அளவுக்கே இருக்கட்டும். அது காய்ந்த பிறகு இன்னும் இரண்டு மெல்லிய பூச்சுகள் போதும். குறைகளைத் தேட எனக்குச் சாம்பல் நிறப் பிரைமரே பிடிக்கும். வெள்ளையில் கீறல்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. காய்ந்ததும் மறுபடியும் மேசை விளக்கைத் தாழ்த்திப் பாருங்கள். பல நிறங்களாக இருந்த பிளாஸ்டிக்கும் பட்டியும் இப்போது ஒரே நிறமாகிவிட்டதால், இதுவரை தெரியாத இரண்டு மூன்று கீறல்களும் ஒரு குழிவும் அநேகமாகத் தெரியவரும். அந்த இடத்தை மட்டும் பட்டி பார்த்து, 1000ஆம் எண்ணால் தேய்த்து, கழுவி, அங்கே மீண்டும் பிரைமர் அடியுங்கள். நான் இதை மூன்று சுற்றுவரைகூடச் செய்திருக்கிறேன்.

விளக்கின் கீழ் எதுவும் தெரியாத நிலை வந்ததும், பாடியை அதன் பிடியோடு ஒரு மூடிய பெட்டிக்குள் தூசி படாமல் வைத்து, நிறம் அடிக்குமுன் ஒரு நாள் முழுதாகக் காய விடுங்கள்.